மலையகத்தில் ஒரு திரைப்பட வட்டம்: வாரந்தோறும் படம் பார்த்துப் பேசத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

திரைப்படம் பார்ப்பதற்கு யாரும் வட்டம் அமைக்கத் தேவையில்லை. பார்த்த படத்தைப் பற்றி ஆற அமர ஒருவரோடொருவர் பேசுவதற்குத்தான் அது தேவைப்படுகிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று இலங்கையின் எந்த மலைநகரை எடுத்துக்கொண்டாலும், ஞாயிற்றுக்கிழமை தியேட்டரை விட்டு வெளியே வரும் கூட்டம் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் சில நிமிடங்களிலேயே கலைந்துவிடுகிறது. படத்தைப் பற்றிச் சொல்ல நினைத்ததில் பாதி பஸ் மிதிபலகையோடு நின்றுவிடுகிறது. அந்தப் பேச்சுக்கு ஓர் இடத்தையும் ஒரு மணி நேரத்தையும் உறுதிப்படுத்திக் கொடுப்பதே வட்டத்தின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன். கீழே கூறப்படும் ஒழுங்குகள் அனைத்தும் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்காகவே கூறப்படுகின்றன.

முதற்படி: ஆட்களைச் சேர்த்தல்

ஆறு பேருடன் தொடங்கலாம். பதினைந்து பேருக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரத்தில் அனைவரும் பேச இயலாது என்பதால், அந்த எண்ணிக்கையைத் தாண்டும்போது இரண்டு குழுக்களாகப் பிரிந்து உரையாடுவது நல்லது. சினிமா ஆர்வலர்களை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டாம். பாடசாலை ஆசிரியர், கொழுந்து பறிக்கும் பெண், முச்சக்கரவண்டி ஓட்டுநர், கடைச் சிப்பந்தி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை என்று பலதரப்பட்டவர்கள் இருக்கும் வட்டத்திலேயே பேச்சு சுவைக்கும்.

தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் வருவதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும். வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் போட்டுவிட்டால் அந்தச் சம்மதம் கிடைத்துவிடாது. வட்டத்திலுள்ள பெண்கள் இருவர் முன்கூட்டியே வீட்டுக்குச் சென்று, என்ன படம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யார் கூட வருவார்கள் என்பதைத் தாய் தகப்பனிடம் நேரில் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு, சொன்ன ஆட்களுடன், தோட்டத்து முச்சந்திவரை அவர்களைக் கொண்டுவந்து விடுவதும் அந்த இருவரின் பொறுப்பாகும். இதை இரண்டு மூன்று வாரங்கள் தவறாமல் செய்துவிட்டால், நான்காவது வாரம் தாய்மாரே தாங்களும் வரலாமா என்று கேட்கும் நிலை உண்டாகும்.

இரண்டாம் படி: கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல்

புதிதாகத் தொடங்குவோர் வழமையாகப் படத்தை முதலில் தெரிவுசெய்கிறார்கள். பிறகு காட்சி நேரத்தைப் பார்க்கிறார்கள். கலந்துரையாடலுக்கு மிஞ்சிய நேரத்தை ஒதுக்குகிறார்கள். மலையகத்தில் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும். உங்கள் உறுப்பினர்களில் ஆகத் தொலைவிலிருந்து வருபவர் யார், அவருடைய தோட்டப் பாதைக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். அதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகக் கலந்துரையாடல் முடிய வேண்டும். அதற்கும் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக அது தொடங்க வேண்டும். படம் அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தால், பிற்பகல் 2.30 காட்சி பெரும்பாலான தோட்டத்து உறுப்பினர்களுக்குப் பொருந்தாது என்பதும், ஞாயிறு காலை 10.30 மணியளவில் காட்சி இருக்குமானால் அதுவே மிகச் சிறந்தது என்பதும் தெளிவாகும். காலைக் காட்சி ஒன்றேகால் மணியளவில் முடியும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குள் பேச உட்கார்ந்தால், மூன்றேகாலுக்கு எவரும் அவசரமின்றி எழுந்து செல்லலாம்.

ஞாயிறு தோட்டத் தொழிலாளர்களுக்கு ஓய்வு நாள் என்றாலும், துணி துவைப்பதும் விறகு சேர்ப்பதும் சந்தைக்குப் போவதும் அந்த ஒரே நாளில்தான் நடக்கின்றன. எனவே ஒவ்வொரு வாரமும் வரும்படி எவரையும் வற்புறுத்த வேண்டாம். வட்டம் வாரந்தோறும் கூடட்டும். உறுப்பினர் தமக்கு முடிந்த வாரத்தில் வரட்டும். கூடும் நாளும் இடமும் மாறாதிருந்தால், ஒரு மாதம் வராதவர்கூட எவரையும் விசாரிக்காமல் நேரே வந்து சேர்ந்துவிட முடியும்.

மழையைப் பற்றியும் ஒரு சொல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கங்களைத் தாக்குகிறது. ஆண்டின் இறுதியில் வடகீழ் பருவமழை பதுளைப் பக்கத்தை நனைக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் பயணத்தை யோசனையின்றி இரத்துச் செய்யுங்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டால், காலை ஆறு மணிக்கு வட்ஸ்அப்பில் வாதம் நடத்த வேண்டியிராது.

மூன்றாம் படி: திரையரங்கோடு உறவு

மலைநகரங்களில் முன்பிருந்த தியேட்டர்கள் பல மூடப்பட்டுவிட்டன. சில கல்யாண மண்டபங்களாகவும் கடைத்தொகுதிகளாகவும் மாறிவிட்டன. எஞ்சியிருப்பவற்றிலும், போதிய ஆட்கள் வராவிட்டால் காட்சியை நிறுத்திவிடுகிறார்கள். சனிக்கிழமை மாலையே முகாமையாளருக்குத் தொலைபேசியில் அழைத்து, நாளை காலை பன்னிரண்டு பேர் வருகிறோம், காட்சி நிச்சயம் உண்டா என்று கேளுங்கள். வாரந்தோறும் தவறாமல் வரும் ஒரு குழுவை எந்த முகாமையாளரும் மதிப்பார். சில மாதங்கள் சென்றபின் கட்டணக் கழிவும் கேட்கலாம், எந்தப் படத்தை அடுத்ததாகக் கொண்டுவரலாம் என்பதில் உங்கள் விருப்பத்தையும் தெரிவிக்கலாம். முழுநிலா விடுமுறையான போயா நாளில் காட்சி நடைபெறுமா என்பதையும் அவரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பணம் தொடர்பான ஒழுங்கு எளிமையாக இருக்கட்டும். டிக்கட், பஸ் கட்டணம், தேநீர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகையை, தோட்டச் சம்பளம் கைக்கு வரும் பத்தாம் திகதியை ஒட்டி, மாதத்துக்கு ஒருமுறை பெற்றுக்கொள்ளுங்கள். கணக்கை ஒரு கொப்பியில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். கொடுக்க முடியாத ஒருவருடைய பங்கை வட்டத்தின் நிதியிலிருந்து செலுத்துவதாயின், அது பொருளாளருக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

நான்காம் படி: படத்தைத் தெரிவுசெய்தல்

தமிழ்நாட்டின் பெரிய நடிகர்களின் படங்கள் பெரும்பாலும் அங்கு வெளியாகும் நாளிலேயே இங்கும் வெளியாகின்றன. அவற்றை முதல் வாரத்தில் தவிர்த்து இரண்டாம் வாரத்தில் பார்ப்பது நல்லது. விசிலும் ஆரவாரமும் அடங்கியிருக்கும், இருக்கையும் ஒன்றாகக் கிடைக்கும். சிறிய படங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவை இரண்டாம் வாரம் வரை தியேட்டரில் தங்குவது அரிது என்பதால், வந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

மாதத்துக்கு ஒரு சிங்களப் படத்தையேனும் சேர்த்துக்கொள்ளும்படி நான் வலியுறுத்துவேன். சிங்கள சினிமா நமக்கு அந்நியமானதன்று. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அது தென்னிந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' என்ற படத்தின் மூலம் கமராவை ஸ்டூடியோவுக்கு வெளியே கிராமத்துக்குக் கொண்டுசென்றபோது, அந்தத் தென்னிந்திய ஸ்டூடியோப் பாணியிலிருந்தே சிங்கள சினிமா விலகத் தொடங்கியது. ஒரே பாணியிலிருந்து கிளைத்த இரண்டு சினிமாக்களை அடுத்தடுத்த வாரங்களில் பார்த்து ஒப்பிடும் வாய்ப்பு நமக்கு இந்த நாட்டில் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

மலையகம் திரையில் எவ்வாறு காட்டப்பட்டிருக்கிறது என்பதும் வட்டத்தின் நிரந்தரமான தேடலாக இருக்கலாம். 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வந்தது. பிரசன்ன விதானகே இயக்கி 2023இல் பூசான் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட 'பாரடைஸ்', 2022இன் பொருளாதார நெருக்கடிக்கிடையே மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் இந்தியத் தம்பதியையும், அவர்களிடம் நடந்த களவுக்காகப் பொலிஸாரிடம் அகப்படும் தோட்டத்துத் தமிழரையும் பற்றிப் பேசுகிறது. சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கும் அங்கு வாழ்பவரின் கண்ணுக்கும் மலை ஒன்றாகத் தெரிவதில்லை என்பதை உரையாட அதைவிடப் பொருத்தமான படம் அண்மையில் வரவில்லை.

பாடசாலைப் பிள்ளைகள் கூட வருவதாயின், தணிக்கைச் சபை அப்படத்துக்கு வழங்கியுள்ள சான்றிதழ் வயதுவந்தோருக்கு மட்டுமானதா என்பதை டிக்கட் வாங்குமுன் பாருங்கள்.

ஐந்தாம் படி: அரங்கினுள்

படத்துக்கு முன் நீண்ட அறிமுகம் வேண்டாம். இயக்குநர் யார், முன்பு என்ன செய்தார் என்பது போதும். சிங்களப் படமாயின், மொழியில் தேர்ச்சி குறைந்த உறுப்பினர்களுக்குக் கதையின் தொடக்கப் பகுதியையும் பாத்திரங்களின் உறவுமுறைகளையும் ஒருவர் சொல்லிவிட வேண்டும். யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மருமகன் என்பது தெரிந்துவிட்டால், வசனம் பாதி புரியாதபோதும் படத்தைத் தொடர முடிகிறது. படம் ஓடும்போது காதுக்குள் மொழிபெயர்ப்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் முன்வரிசைக்காரருக்கும் படத்தைக் கெடுத்துவிடும்.

மழைநாளில் தகரக் கூரையின் இரைச்சல் வசனத்தை விழுங்கிவிடும் அரங்குகளும் இருக்கின்றன. அங்கே பல்கனிக்குக் கீழுள்ள வரிசைகளில் ஓரளவு தெளிவாகக் கேட்கும். இருட்டில் குறிப்பெழுத முயல வேண்டாம். இடைவேளையில் படத்தைப் பற்றி விவாதிக்கவும் வேண்டாம். அரைப்படத்தில் சொன்ன தீர்ப்பைக் காப்பாற்றுவதற்காகவே பிற்பாதியைப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்துவிடுகிறது. படம் முடிந்ததும், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர் ஆகியோரின் பெயர்கள் ஓடி முடியும்வரை இருக்கையில் இருங்கள். பிறகு பேசும்போது அந்தப் பெயர்கள் உதவும்.

ஆறாம் படி: கலந்துரையாடல்

இடத்தை முதலில் தீர்மானியுங்கள். கோயில் மண்டபம், தேவாலய மண்டபம், வாசிகசாலை ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் நல்லது. கிடைக்காவிடில், மதியச் சாப்பாட்டு நெரிசல் தணிந்தபின் சைவக் கடையொன்றின் பின்மேசைகளைக் கேட்டுப் பெறலாம். முதலாளியிடம் எவ்வளவு நேரம் இருப்போம் என்பதை நேர்மையாகச் சொல்லி, பிளேன்டீயும் வடையும் வாங்கி, அவர் வியாபாரத்துக்கு இடைஞ்சலில்லாமல் எழுந்துவிட வேண்டும். எல்லோரும் ஒருவரையொருவர் முகம் பார்த்து உட்காரக்கூடிய இடமாக அது இருப்பது அவசியம். நீண்ட மேசையின் கோடியில் உட்கார்ந்தவர் ஒருபோதும் பேசுவதில்லை.

ஒவ்வொரு வாரமும் வேறொருவர் நெறியாளராக இருக்கட்டும். அவர் எழுப்பக் கூடாத முதற்கேள்வி, படம் நன்றாக இருந்ததா என்பதாகும். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள்தாம் உண்டு; முதலில் உரத்துப் பேசுபவரின் விடையே மற்றவர்களின் விடையாகிவிடும். அதற்குப் பதிலாக, கண்ணில் நின்ற ஒரு காட்சியை அல்லது காதில் நின்ற ஓர் ஓசையை ஒவ்வொருவரும் சொல்லும்படி நெறியாளர் கேட்க வேண்டும். ஓராளுக்கு ஒரு நிமிடம். இடையில் எவரும் மறுத்துப் பேசக் கூடாது. இந்த முதற்சுற்றில் கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, கருத்துக் கூற வேண்டியதில்லை, கண்டதைச் சொன்னால் போதும் என்பதால், மேடைக் கூச்சமுள்ளவர்களும் வாய்திறக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனையும் இதுவே: கருத்தை யோசித்துக்கொண்டு வரவேண்டாம், ஒரு காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

இந்தச் சுற்று எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம். தேயிலை மலையில் எடுக்கப்பட்ட ஒரு பாடற்காட்சியைப் பற்றிப் பலரும் அதன் பசுமையையும் மூட்டத்தையும் புகழ்ந்துகொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், அந்தக் கூடையில் ஒன்றுமே இல்லை என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கொழுந்து நிறைந்தால் தலையில் மாட்டிய கயிறு பின்னுக்கு இழுக்கும், கழுத்து முன்னுக்குச் சாய்ந்து நரம்பு புடைக்கும், அந்தப் பிள்ளையின் கழுத்து நேராக இருந்ததே என்று விளக்கினார். இடுப்பில் படங்குத் துணி கட்டாமல் செடிக்குள் இறங்கினால் சேலை இரண்டு நிரைகூடத் தாங்காது என்றும் சொன்னார். அதற்குப்பின் பேச்சின் திசையே மாறியது. பாரமில்லாத கூடையை இயக்குநர் ஏன் விரும்பினார், கமரா ஏன் தூரத்திலேயே நின்றது, அண்மையில் வந்திருந்தால் எதைக் காட்ட வேண்டி நேர்ந்திருக்கும் என்று ஒளிப்பதிவைப் பற்றிய மிக நுட்பமான கேள்விகள் அனைத்தும் அந்தக் கழுத்திலிருந்து பிறந்தன. சினிமாப் பாடநூல் எதையும் அந்த அக்கா படித்ததில்லை.

இரண்டாம் சுற்றில் நெறியாளர் கேள்விகளை எழுப்பலாம். கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது, யார் பேசவே இல்லை, இசை எங்கே நின்றது, இடைவேளையை எந்த இடத்தில் வைத்தார்கள், அது கதைக்கு உதவியதா என்பன போன்ற கேள்விகள் எந்தப் படத்துக்கும் பொருந்தும். நட்சத்திர நடிகர் ஒருவரின் தீவிர ரசிகர்கள் வட்டத்தில் இருப்பது நல்லதே. அவரது ஒவ்வோர் அசைவையும் அவர்கள் அறிவார்கள். கதாநாயகனின் முகத்தைக் காட்டுமுன் காலையும் கையையும் முதுகையும் ஏன் காட்டுகிறார்கள், கமரா ஏன் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேறெவராலும் தர முடியாத நுணுக்கமான விளக்கம் வரும்.

கருத்து வேறுபாடு கட்டாயம் வரும், வரவும் வேண்டும். சாதி, மதம், தொழிற்சங்கம், கட்சி ஆகியவற்றைத் தொடும் படங்களின்போது குரல் உயரவும் கூடும். அப்போது நெறியாளர் கேட்க வேண்டியது, நீங்கள் சொல்வதைப் படத்தின் எந்தக் காட்சியில் கண்டீர்கள் என்பதாகும். காட்சியைச் சுட்டிக்காட்ட முடிந்தால் வாதம் தொடரட்டும். முடியாவிட்டால் அது படத்துக்கு வெளியிலுள்ள வழக்கு என்பதை இருவரும் உணர்ந்துகொள்வார்கள். சிங்களம் பேசும் நண்பர்கள் வந்திருக்கும் வாரங்களில், ஒவ்வொருவர் பேசி முடித்ததும் சாரத்தை மற்ற மொழியில் ஒருவர் சொல்ல வேண்டும். நேரம் கூடுதலாகச் செல்லும் என்பதால், அந்த வாரங்களில் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் ஒருமித்த தீர்ப்பு எதுவும் தேவையில்லை. நேரம் வந்ததும் பேச்சு பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் அது தானாகத் தொடரும்.

ஏழாம் படி: பதிவேடு

ஒரு கொப்பியில் திகதி, படம், வந்தவர்கள், முதற்சுற்றில் ஒவ்வொருவர் சொன்ன காட்சி ஆகியவற்றை எழுதிவையுங்கள். இதைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் அழிந்தன. இலங்கையின் பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதி இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அவற்றைத் தியேட்டரில் பார்த்த தாத்தா பாட்டிமார் என்ன நினைத்தார்கள் என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. மலைநகரமொன்றில் சாதாரண மக்கள் ஒரு படத்தை எவ்வாறு பார்த்தார்கள் என்பதை உங்கள் கொப்பி எதிர்காலத்துக்குச் சொல்லக்கூடும். முதியவர்கள் வட்டத்துக்கு வந்தால், அவர்கள் இளமையில் பார்த்த படங்களைப் பற்றியும், கலரி, ஓடிசி, பல்கனி என்று வகுப்புவாரியாக இருந்த தியேட்டர்களைப் பற்றியும் கேட்டு அதே கொப்பியில் எழுதுங்கள்.

தியேட்டரில் பொருத்தமான படம் இல்லாத வாரங்களில்

அத்தகைய வாரங்களும் வரும். கூட்டத்தை இரத்துச் செய்யாமல், தோட்டத்து மண்டபத்திலோ வாசிகசாலையிலோ புரொஜெக்டர் கொண்டு ஒரு படத்தைத் திரையிடலாம். அப்போது படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் திரைப்படங்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது, கட்டணம் அறவிடாத காட்சி என்பதால் மட்டும் அனுமதி தேவையில்லை என்றாகிவிடாது. இலங்கையின் குறும்பட, ஆவணப்பட இயக்குநர்கள் பலர், முறையாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு இணங்குகிறார்கள். சிலர் கலந்துரையாடலுக்குத் தாங்களே வரவும் சம்மதிக்கிறார்கள். பொதுமக்களை அழைப்பதாயின், தணிக்கைச் சான்றிதழ் தேவைப்படுமா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஒலிபெருக்கியைப் பார்வையாளரின் பின்னே வைக்காமல் திரைக்கு அருகில் வையுங்கள். தியேட்டரில் கிட்டாத ஒரு வசதி இங்கே உண்டு: கலந்துரையாடலின்போது சர்ச்சைக்குள்ளான காட்சியை மீண்டும் ஓடவிடலாம். முதல் தடவை ஒலியோடும், இரண்டாம் தடவை ஒலியை நிறுத்தியும் காட்டுங்கள். கண்ணீர் வரவழைத்தது நடிப்பா, இசையா என்ற வாதத்தை அந்த இரண்டாம் ஓட்டம் பெரும்பாலும் தீர்த்துவைக்கிறது.